கையெழுத்து இல்லாத ஒப்பந்தம் செல்லுமா? வாய்ப்பேச்சை வழக்கில் நிற்க வைக்கும் வழி

"எழுதி வாங்கலையே சார், இனி என்ன பண்ண முடியும்?" வக்கீல் முன்னால் உட்காரும் பலர் பேச்சைத் தொடங்குவது இப்படித்தான். தாங்களே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு கேட்பது சில விஷயங்களைத்தான்: இரண்டு தரப்பும் மனமொப்பிச் சம்மதித்திருக்க வேண்டும், இருவரும் 18 வயது நிரம்பிய, தெளிந்த புத்தி உள்ளவர்களாக இருக்க வேண்டும், கொடுக்கல் வாங்கலில் ஏதோ ஒரு பிரதிபலன் இருக்க வேண்டும், நோக்கம் சட்டத்துக்கு விரோதமாக இருக்கக் கூடாது. காகிதம், கையெழுத்து, முத்திரைத்தாள் எதையும் அந்தப் பிரிவு கேட்கவில்லை. வேறு ஏதாவது சட்டம் எழுத்தையோ பதிவையோ கட்டாயமாக்கியிருந்தால் மட்டும் அதன்படி நடக்க வேண்டும் என்கிறது.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். "செல்லுமா?" என்பதற்குப் பெரும்பாலும் பதில் "செல்லும்". உண்மையான கேள்வி, எதிராளி "அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை" என்று கூண்டில் ஏறிச் சொன்னால் நீங்கள் எதை நீட்டுவீர்கள் என்பது. நிரூபிக்கும் பாரம், ஒப்பந்தம் இருக்கிறது என்று சொல்கிறவர் தலையில்தான். கீழே உள்ளது எல்லாம் இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியது. இலங்கையில் கணக்கு வேறு: அங்கே 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்கும் உடன்படிக்கைகூட நொத்தாரிசு (நோட்டரி) முன்பாக இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாகாவிட்டால் செல்லாது.

முதலில், பேசியது ஒப்பந்தம்தானா என்று பாருங்கள்

"பார்த்துச் செய்யலாம்", "உங்களுக்கு இல்லாததா", "நல்லா கவனிச்சுக்கறேன்" எல்லாம் ஒப்பந்தம் ஆகாது. என்ன செய்வது, எவ்வளவுக்கு, யார் யாருக்கு என்பது தெளிவாக இல்லாத பேச்சை 29-ஆவது பிரிவு செல்லாது என்று தள்ளிவிடுகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க 45,000 ரூபாய், பொருள் உங்களுடையது, கூலி என்னுடையது, தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன் என்று பேசியிருந்தால் அது ஒப்பந்தம். விலையைப் பற்றிப் பேச்சே இல்லாமல் மேஸ்திரி வேலையை முடித்துவிட்டால்? அப்போதும் அவர் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. இனாமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை நீங்கள் அனுபவித்திருந்தால், நியாயமான ஈட்டைக் கொடுக்க வேண்டும் என்று 70-ஆவது பிரிவு சொல்கிறது. வாய்வழியாகக்கூட ஒப்பந்தத்தை நிரூபிக்க முடியாதவருக்கு இது கடைசித் தோணி. வேலை செய்தவர்கள் வழக்குப் போடும்போது இதை மாற்றுக் கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று ஜாமீன். "அவன் தரலைன்னா நான் தர்றேன், என்னை நம்பிக் குடு" என்று வாயால் சொல்வதே இந்தியாவில் செல்லுபடியாகும் ஜாமீன்தான். 126-ஆவது பிரிவு "எழுத்திலோ வாய்மொழியாகவோ" என்றே சொல்கிறது. ஆனால் பணம் கைமாறும் முன்போ கைமாறும்போதோ அந்தச் சொல் வந்திருக்க வேண்டும். கடன் கொடுத்து ஆறு மாதம் கழித்து, சும்மா பரிதாபப்பட்டு "நான் பொறுப்பு" என்றால் அதற்குப் பிரதிபலன் இல்லை, கட்டாது. இதிலிருந்து மறுபக்கப் பாடமும் உண்டு: மச்சானுக்காகக் கடைவாசலில் நின்று பெருமையாகப் பேசும் முன் யோசியுங்கள்.

தாள் இருக்கிறது, கையெழுத்து இல்லை

இது வாய்ப்பேச்சைவிட நல்ல நிலைமை. வரைவு தயாராகி, ஒரு தரப்பு மட்டும் கையெழுத்துப் போட்டு, அல்லது யாருமே போடாமல் வேலை தொடங்கிவிடும். நீதிமன்றம் பார்ப்பது நடத்தையை. அனுப்பிய கொட்டேஷனுக்கு அட்வான்ஸ் வந்ததா, அதில் சொன்ன விலையில் சரக்கு இறங்கியதா, பில் அதே கணக்கில் போனதா? ஆம் என்றால் கேட்டதைச் செய்ததே சம்மதம் என்று 8-ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். 2010-இல் டிரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் வழக்கில், முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகாத நிலையிலும், மின்னஞ்சலில் விலை, அளவு, அனுப்பும் காலம் எல்லாம் பேசி முடித்து ஏற்றுக்கொண்டதால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

விதிவிலக்கு ஒன்று. "கையெழுத்தான பிறகே இது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்" என்று வரைவிலோ மின்னஞ்சலிலோ ஒரு வரி இருந்தால், கையெழுத்தாகும்வரை அது பேச்சுவார்த்தைதான். பெரிய கம்பெனிகள் அனுப்பும் வரைவுகளில் இந்த வரி ஒளிந்திருக்கும். வேலை தொடங்கும் முன் தேடிப் பாருங்கள். இருந்தால், "கையெழுத்து வரும்வரை காத்திருக்கவா, இன்றே தொடங்கவா?" என்று எழுத்தில் கேளுங்கள். "தொடங்குங்கள்" என்ற ஒரு சொல் பதிலாக வந்தாலே உங்கள் பக்கம் பலம்.

வாய்ச்சொல் ஓடாத இடங்கள்

நிலம், வீடு கிரயம்: 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கப் பதிவுப் பத்திரம் வேண்டும் (சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 54). முழுப் பணமும் கொடுத்து, சாவி வாங்கி, பத்து வருடம் குடியிருந்தாலும் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது. அடமானத்துக்கும் அதே 100 ரூபாய்க் கணக்கு. மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடன் மட்டும் தனி ரகம். வீடு, நிலத்தைத் தானமாகக் கொடுக்கவும் பதிவு வேண்டும். முஸ்லிம்கள் செய்யும் ஹிபா என்ற தானத்துக்கு அதே சட்டத்தின் 129-ஆவது பிரிவு விலக்களிக்கிறது: கொடுப்பதாக அறிவித்து, மற்றவர் ஏற்று, சொத்தைக் கையில் ஒப்படைத்துவிட்டால் வாய்மொழியே போதும்.

புரோநோட்டுக்கு எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம். பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும், கொடுப்பவர் கையெழுத்தும் வேண்டும். பாட்டு எழுதுகிறவர்கள், படம் பிடிக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது. காலாவதியான கடனைத் திரும்பத் தருவதாகச் சொல்லும் வாக்குறுதிக்கும் எழுத்தும் கையெழுத்தும் தேவை. இவை தவிர்த்து, சரக்கு விற்பனை, கூலி வேலை, கைமாற்று, கூட்டு வியாபாரம், கமிஷன் எல்லாமே வாய்ச்சொல்லில் ஓடும்.

இடம் வாங்க வாயால் பேசி அட்வான்ஸ் கொடுத்திருந்தால்

மேலே சொன்னது கிரயத்துக்கு. "விற்கிறேன்" என்று ஒப்புக்கொள்வது வேறு. அது வாய்மொழியாகவும் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் பிரிஜ் மோகன் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு, வாய்மொழி உடன்பாட்டைச் சொல்லி வருகிறவர் மேல் கனமான நிரூபணப் பாரத்தையும் ஏற்றிவைத்தது. 2009-இல் அலோகா போஸ் வழக்கில், விற்பவர் மட்டும் கையெழுத்திட்ட உடன்படிக்கை செல்லும், வாங்குபவர் கையெழுத்து இல்லையென்பதற்காக அது விழாது என்று முடிவானது. ஆகவே உங்கள் கையெழுத்து விட்டுப்போனதைக் காட்டி விற்பவர் தப்பிக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தங்களையும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள் எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில், பதிவாகாத அந்த ஒப்பந்தத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அனுபவத்தில் இருப்பதைக் காட்டி, பகுதி நிறைவேற்றம் (ஒப்பந்தத்தில் ஒரு பங்கு நடந்தேறிவிட்டது) என்று சொல்லிப் பாதுகாப்புக் கேட்க அது உதவாது. 2001 திருத்தத்துக்குப் பிறகு அதற்குப் பதிவு வேண்டும்.

வாய்மொழியாக அட்வான்ஸ் கொடுத்தவர்கள் தோற்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, சர்வே எண்ணும் பரப்பும். "அந்த ரோட்டோர இடம்" என்று பேசியிருப்பார்கள்; அவருக்கு அங்கே மூன்று துண்டு இருக்கும். இரண்டாவது, மொத்த விலை. அட்வான்ஸ் 2 லட்சம் வங்கியில் போனது தெரியும், ஆனால் சென்ட் என்ன விலைக்குப் பேசியது என்பதற்குத் தடயம் இருக்காது. மூன்றாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: மீதிப் பணத்தோடு தயாராக இருந்ததைக் காட்ட முடியாமல் போவது. பேசிய நாள் முதல் வழக்கு முடியும்வரை உங்களிடம் பணமோ அதைத் திரட்டும் வழியோ இருந்தது என்று காட்ட வேண்டும். வங்கி இருப்பு, கடன் அனுமதிக் கடிதம், நகைக்கடன் சீட்டு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பேசி முடித்த அன்றே சர்வே எண், பரப்பு, சென்ட் விலை, கொடுத்த அட்வான்ஸ், மீதி, கிரயத் தேதி என்ற ஆறையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். அட்வான்ஸ் வங்கி வழியாகவே போகட்டும். அதிலும் பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லி வழக்குப் போட்டால் இன்னொரு தலைவலி: 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கொடுத்ததாக வழக்கு வந்தால் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும்படி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் ஒப்பந்தத்தை எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பதிந்தால் வில்லங்கச் சான்றில் அது ஏறும். இன்னொருவர் தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்ல வாய்ப்பில்லை. வாய்மொழி ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை அதுதான். நீங்கள் ஜெயிக்கும் முன்பே, விவரம் அறியாத மூன்றாம் ஆள் பெயருக்குக் கிரயமே முடிந்திருக்கும்.

வாடகை வீடு

சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேற்படாத வாடகை வாய்ப்பேச்சிலும் சாவி ஒப்படைப்பிலும் செல்லும். மாதவாடகையாகக் கருதி 15 நாள் நோட்டீஸில் முடிக்கலாம். பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் பிறந்ததே பதிவைத் தவிர்க்கத்தான். ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவதையும் கேட்கிறது. பதினொரு மாதம் என்பதால் விலக்கு இல்லை. எழுத்து ஒப்பந்தம் போடாததே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் (பிரிவு 21). ஆகவே வாயால் பேசிக் குடியிருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதியும் அதே சட்டத்தில் இருக்கிறது. பத்து மாத வாடகை அட்வான்ஸ் கொடுத்து ரசீதும் வாங்காதவர்கள், குறைந்தது மாதாமாதம் வங்கியில் வாடகை அனுப்பும்போது குறிப்பில் "முதல் மாடி வாடகை, ஜூன்" என்று எழுதுங்கள். அட்வான்ஸைப் பற்றித் தனியே ஒரு செய்தி அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

கைமாற்று: அதிகம் தகராறு இங்கேதான்

கைமாற்றில் எதிராளியின் பதில் இரண்டே ரகம். "வாங்கவே இல்லை" என்பது ஒன்று. வங்கி வழியாகப் போயிருந்தால் அது எடுபடாது. உடனே இரண்டாவதுக்குத் தாவுவார்: "அது பழைய பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்", "மொய் வைத்தார்", "வியாபாரத்தில் பங்கு போட்டார், நஷ்டமாகிவிட்டது". வெறும் வங்கிக் கணக்குத் தாள், பணம் போனதைக் காட்டும். கடனாகப் போனது என்று காட்டாது. அந்த இடைவெளியை அடைப்பதுதான் உங்கள் வேலை. பணம் அனுப்பிய அன்றே இப்படி ஒரு செய்தி:

"அண்ணே, இன்னைக்குக் காலையில 11 மணிக்கு உங்க கணக்குக்கு 1,50,000 ரூபா அனுப்பியிருக்கேன். பாப்பா காலேஜ் ஃபீஸுக்குக் கைமாத்தாக் கேட்டீங்க. ஜனவரி 31-க்குள்ள திருப்பித் தர்றதாச் சொன்னீங்க. வந்துருச்சான்னு பார்த்துச் சொல்லுங்கண்ணே."

"வந்துருச்சு தம்பி. சொன்ன தேதிக்குக் குடுத்துடறேன், கவலைப்படாதே."

பார்க்கச் சாதாரணப் பேச்சு. ஆனால் தொகை, நாள், "கைமாத்து" என்ற சொல், காரணம், திருப்பும் தேதி ஐந்தும் உள்ளே வந்துவிட்டன. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது, அதுதான் முக்கியம். கேள்வி இல்லாத செய்திக்கு யாரும் பதில் போட மாட்டார்கள். இரண்டு நீலக் கோடு விழுந்தால் பார்த்தார் என்று மட்டும் ஆகும், ஒப்புக்கொண்டார் என்று ஆகாது. "சொன்ன தேதிக்குக் குடுத்துடறேன்" என்ற வார்த்தை வந்த பிறகு மொய்க் கதை நிற்காது. உறவு கெடாமல் இதைச் செய்யலாம். அண்ணன் தம்பிக்குள் பத்திரம் கேட்கக் கூசுகிறவர்களுக்கு இதைவிட மரியாதையான வழி இல்லை.

ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பாரம் கூடும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி, "இவ்வளவு பணம் உங்களிடம் எப்படி வந்தது?" என்பதாக இருக்கும். கொடுக்கும் வசதி இருந்ததா என்பதை எதிராளி கேள்விக்குள்ளாக்கினால் அதைக் காட்ட வேண்டியது கொடுத்தவர்தான் என்று 2019-இல் பசலிங்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொடுப்பதற்கு முன் வங்கியில் எடுத்தீர்களா, நகை அடகு வைத்தீர்களா, ஆடு மாடு விற்றீர்களா, சீட்டு எடுத்தீர்களா என்பதன் சீட்டுகளைத் தேடி வையுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. அதைக் காட்டி "கடனே செல்லாது" என்று வாதாடுவது வழக்கம். அந்த மீறலால் கடன் செல்லாததாகிவிடாது என்று 2025 செப்டம்பரில் ஒரு காசோலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

கெடு என்பது மூன்று வருடம். கைமாற்றுக்குக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். 2023 ஜூன் 10-இல் கொடுத்தது என்றால் 2026 ஜூன் 10-க்குள் வழக்கு நீதிமன்றத்தில் ஏறியிருக்க வேண்டும். "கேட்கும்போது தருகிறேன் என்றான், நான் போன மாதம்தான் கேட்டேன்" என்பது உதவாது. அந்த வகைக் கடனுக்கும் கொடுத்த நாள்தான் தொடக்கம். திருப்பித் தர ஒரு தேதி பேசியிருந்தால் அதிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்தத் தேதியை நிரூபிக்கத் தவறினால் வழக்கே காலாவதி. பாதுகாப்பான கணக்கு, கொடுத்த நாள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. நடுவில் 2,000 ரூபாய் கூகுள் பேயில் வந்தது, அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பகுதித் தொகை கெடுவைப் புதுப்பிக்க வேண்டுமானால், கொடுத்ததற்கான ஒப்புதல் கொடுத்தவர் கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ இருக்க வேண்டும். ஆகவே மூன்று வருடம் முடியும் முன்பே, அரைத்தாளில் "இன்ன தேதியில் வாங்கிய கடனில் இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று அவர் கையால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நாளிலிருந்து புது மூன்று வருடம். கெடு முடிந்த பின் வாங்கும் வெறும் ஒப்புதல் வேலைக்கு ஆகாது. "தருகிறேன்" என்ற வாக்குறுதியும் அதில் எழுதிக் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

முடிந்தால் வாய்க்கடனைப் புரோநோட்டாக மாற்றிவிடுங்கள். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் குறுக்கே படும்படி கையெழுத்து. ஸ்டாம்பை எழுதும்போதே ஒட்ட வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத மற்றப் பத்திரங்களை அபராதம் கட்டிச் சாட்சியமாக்கலாம், புரோநோட்டை அப்படிக்கூட மீட்க முடியாது. புரோநோட்டுக்கு இரண்டு ஆதாயம்: பணம் கைமாறியது என்று சட்டமே முதலில் அனுமானித்துக்கொள்ளும், எழுத்து ஆதாரம் உள்ளவர்களுக்கான சுருக்க வழக்கு முறையில் போகலாம். வாய்க்கடனுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை.

வட்டியைப் பற்றி இரண்டு வரி. வாய்மொழி வட்டியை நிரூபிப்பது கடினம். அதைவிட, எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி அதில் வட்டியும் கேட்டுவிட்டால், அந்தத் தேதியிலிருந்து வட்டி கொடுக்க நீதிமன்றத்துக்கு 1978-ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம் இடம் தருகிறது. "நூற்றுக்கு மூன்று, மாதத்துக்கு" என்று நோட்டீஸில் எழுதி, 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டத்தை உங்கள் மேலேயே இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள்.

சரக்கு, ஜாப் ஒர்க்

திருப்பூரிலோ கோவையிலோ சிவகாசியிலோ ஃபோனில் ஆர்டர் வந்து, செல்லானோடு சரக்கு போய், பில்லுக்கு மாதக்கணக்கில் நடக்கும் பாடு தெரிந்ததுதான். உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை நிறுவனத்துக்கும் இங்கே வாய்ப்பேச்சே லாபம். பணம் தரும் கெடுவை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அதிகபட்சம் 45 நாள். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாள்தான். "வாயால 90 நாள் கிரெடிட் பேசினோமே" என்று வாங்கியவர் சொல்வது எடுபடாது. தவறினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இதற்கான வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. இரண்டு எச்சரிக்கை: சரக்குப் போகும் முன்பே பதிவு இருந்திருக்க வேண்டும், வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இந்தத் தாமத வட்டிச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

செல்லானில் சரக்கை இறக்கியவர் பெயர், தேதி, கையெழுத்து, கடை முத்திரை நான்கும் விழுகிறதா என்று டிரைவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் முதலாளி கையெழுத்து இல்லாவிட்டாலும், கோடவுன் பையன் கிறுக்கிய செல்லான் பல வழக்குகளைக் காப்பாற்றும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாக்கிக் கணக்குத் தாள் அனுப்பி, சரிபார்த்து முத்திரையோடு திருப்பி வாங்குவது அதைவிட நல்லது.

கூர்சீட்டு

அப்பா சொத்தை அண்ணன் தம்பிகள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பிரித்து, கூர்சீட்டு எழுதி, ஆளுக்கொரு பங்கை அனுபவித்து வருவார்கள். குடும்ப ஏற்பாடு வாய்மொழியாகவும் இருக்கலாம், அதற்குப் பதிவு வேண்டாம் என்பது 1976-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. சிக்கல் சீட்டின் வாசகத்தில். "இன்று முதல் இன்னின்னபடி பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதினால் அந்தத் தாளே பாகப்பிரிவினை. பதிவும் முத்திரைத் தீர்வையும் இல்லாமல் செல்லாது. முன்பே வாயால் பிரித்து முடித்து, "இன்ன தேதியில் பிரித்துக்கொண்டதை நினைவுக்காக எழுதி வைக்கிறோம்" என்றால் அது குறிப்பு மட்டும். பதிவு இல்லாமலும் நிற்கும். நடக்காததை நடந்ததாக எழுதினால் பட்டா, வரி ரசீது, பயிர் அடங்கல் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

மகள்களை விட்டுவிட்டுச் செய்த வாய்மொழிப் பாகம் இன்று மிகவும் பலவீனமானது. பெண்களுக்குச் சம பங்கை உறுதிசெய்த 2020 ஆகஸ்ட் தீர்ப்பில், வாய்மொழிப் பாகம் என்ற சாக்கை எளிதில் ஏற்கக் கூடாது, அரசுப் பதிவேடுகள் போன்ற பொது ஆவணங்கள் தாங்கி நின்றால் மட்டும் விதிவிலக்காக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கட்டுப்போட்டுவிட்டது. தங்கச்சிக்குச் சீர் செய்தாயிற்று என்பது பாகப்பிரிவினை ஆகாது.

பேச்சு மாறத் தொடங்கினால்

ஃபோனை எடுக்காமல் போவது முதல் அறிகுறி. அந்த வாரமே ஒரு செய்தி அனுப்புங்கள்; திட்டாமல், மிரட்டாமல், எண்ணோடு: "1,50,000-ல 40,000 மார்ச் 5-ம் தேதி வந்துச்சு. பாக்கி 1,10,000. எப்போ எதிர்பார்க்கலாம்ணே?" "கொஞ்சம் டைம் குடு தம்பி" என்று பதில் வந்தால் அது ஒப்புதல். "என்ன பாக்கி?" என்று வந்தால் எதிர்வாதம் எது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. இரண்டும் உங்களுக்கு லாபமே. ஆத்திரத்தில் அனுப்பும் கெட்ட வார்த்தை ஒன்று, கதையையே மாற்றி உங்களைக் காவல் நிலையத்தில் நிறுத்தும்.

அடுத்து, சாட்சிகள். பேசும்போது உடன் இருந்தவர், பணம் எண்ணியபோது பார்த்தவர், தரகர். யார், என்றைக்கு, எங்கே உட்கார்ந்து பேசினோம் என்று இப்போதே உங்கள் நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று வருடம் கழித்து வாய்தாவுக்கு வரும்போது தேதி முன்பின்னாகும். அந்தச் சின்ன முரண்பாட்டைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பெரிதாக்குவார்.

பிறகு பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ். வாய்மொழி உடன்பாட்டின் நாள், இடம், நிபந்தனை, தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு பிராதில் (வழக்கு மனுவில்) எழுதுவதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். நோட்டீஸில் பத்தாம் தேதி, பிராதில் பன்னிரண்டாம் தேதி என்றால் வாய்மொழி வழக்கு அங்கேயே நொண்டும். பாதுகாப்புக்கு என்று வாங்கிய காசோலை இருந்தால் அதன் கெடு தனி: தேதியிட்ட மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும், திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார்.

பணம் வசூலிக்கும் வழக்குக்குத் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 100-க்கு 3 ரூபாய். 5 லட்சத்துக்கு 15,000. சிறிய தொகைக்கு, வழக்குப் போடும் முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்துச் சமரசத்துக்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் வேகமாக முடியும் என்பது பாதி உண்மைதான். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட முடியாவிட்டால், "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று மூடிவிடுவார்கள். அங்கே அலைந்த மாதங்களை மூன்று வருடக் கெடுவிலிருந்து யாரும் கழித்துத் தருவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

ஃபோனைப் பத்திரப்படுத்துங்கள்

ஸ்கிரீன்ஷாட்டைக் கலர் பிரிண்ட் எடுத்துப் போட்டால் ஆதாரம் என்று நினைப்பவர்கள் அதிகம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழும் வேண்டும். அதன் முதல் பகுதியைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும், இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணும் அதில் எழுத வேண்டும். செய்தியில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும், அதனால்தான் கேட்கிறார்கள். ஃபோனையே நீதிமன்றத்தில் ஒப்படைத்து, அது உங்களுடையது என்று நீங்களே கூண்டில் சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று பழைய சட்டத்தின் கீழ் 2020-இல் தீர்ப்பானது.

உரையாடலை நடுவில் வெட்டாமல் முழுதாக ஏற்றுமதி செய்து, உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எதிராளியின் எண்ணை "கடன்காரன்" என்று சேமித்திருந்தால் பெயரைப் பார்க்காமல் எண்ணே தெரியும்படி ஒரு படமும் எடுங்கள். அந்த எண் அவருடையது என்று காட்ட வேண்டியதும் நீங்கள்தான். தானாக அழியும் செய்தி அமைப்பை அணைத்துவிடுங்கள். குரல் பதிவு இருந்தால் அதை வெட்டி ஒட்டாமல், பெயர் மாற்றாமல், பதிவான கோப்பு அப்படியே இருக்கட்டும். பண்டிகைத் தள்ளுபடிக்குப் பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் போடும் முன், அதற்குள் எந்த அண்ணனின் "குடுத்துடறேன் தம்பி" இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால், மேல்முறையீட்டுக் காலமும் முடியும்வரை அந்த ஃபோன் சார்ஜரோடு பீரோவில் இருக்கட்டும்.